‘தினமும் தண்ணீர்’ என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் தோட்டப் பக்கத்தில், ரேடியேட்டர் செடி எனப்படும் பெப்பரோமியாவுக்கு ‘தினமும் தண்ணீர் ஊற்றினால் செழித்து வளரும்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அந்தச் செடியைக் கொல்ல இந்த ஒரு வரி போதும்.

மிளகு, வெற்றிலைக் குடும்பத்துச் செடி அது. தென் அமெரிக்கக் காடுகளில் மரக்கிளை இடுக்கிலும் பாறையிலும் ஒட்டி வளரும் இனங்கள் அதில் ஏராளம். வேர் சிறியது, ஆழம் போகாது. தண்ணீரை இலையின் மேல்தோலுக்கடியிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும்; இலை அவ்வளவு தடிப்பாக இருப்பது அதனால்தான். தினமும் ஊற்றினால் வேருக்குக் காற்றில்லாமல் அழுகும். மண்ணை ஒட்டிய தண்டு கறுத்து, தொட்டால் கொழகொழவென்று இருக்கும். இலை துவளும். துவண்டது வாட்டம் என்று நினைத்து இன்னொரு குவளை ஊற்றுவார்கள், அதோடு சரி.

மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். சித்திரை வெயிலில் தர்மபுரியில் நாலைந்து நாளுக்கு ஒரு முறை ஊற்ற வேண்டி வரலாம். மார்கழிக் குளிரில் ஓசூர், தளி பக்கம் பத்து நாள்கூடத் தாங்கும். ஊர் பார்க்காமல், மாதம் பார்க்காமல் ‘தினமும்’ என்று எப்படி எழுத முடிகிறது?

இது முதல் தடவையும் அல்ல. முன்பு தொட்டிக்கு வெறும் செம்மண் போதும் என்றீர்கள். நம் செம்மண் நாலு தடவை தண்ணீர் பட்டால் செங்கல்லாக இறுகிவிடும். நன்றாக அலசி உப்பு நீக்கிய தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, பெர்லைட்டோ (சூட்டில் பொரித்த, எடையில்லாத வெள்ளைக் கல்) சலித்த செங்கல் பொடிக்கல்லோ ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. நாலு அங்குலத் தொட்டி. அவ்வளவுதான் தேவை. ஒரு கேள்வி-பதிலில் ‘இது பூக்காது’ என்றீர்கள். எலிவால்போல நீளும் அந்தக் கதிர்தான் பூ, இதழ் கிடையாது. இன்னொரு இதழில், நாசா ஆய்வின்படி தொட்டிச்செடிகள் வீட்டுக் காற்றைச் சுத்தமாக்கும் என்றீர்கள். 1989இல் வெளிவந்த அந்த ஆய்வு காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டிகளுக்குள் நடந்தது. கதவும் சன்னலும் திறந்து கிடக்கும் நம் வீட்டுக்கு அது எப்படிப் பொருந்தும்?

இலையில் வெள்ளையோ மஞ்சளோ கலந்த வகையை இலையை நட்டுப் பெருக்கலாம் என்று நீங்கள் எழுதியதும் தவறு. வரும் கன்று பெரும்பாலும் வெறும் பச்சையாகிவிடும். தண்டு நுனியைத்தான் நட வேண்டும்.

உங்கள் பக்கத்தை நம்பி நர்சரியில் காசு கொடுத்து வாங்குகிறவர்கள், செடி செத்ததும் விற்றவரைத்தான் திட்டுகிறார்கள். அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில், இரண்டு வரி போடுங்கள்: மேல்மண் காய்ந்த பின் தண்ணீர், தண்டு கறுத்துவிட்டால் நல்ல பாகத்தை மூன்று அங்குலம் வெட்டி, ஒரு நாள் காயவிட்டு, ஈர மணலில் நடுக.

இப்படிக்கு,
நர்சரித் தொழிலில் உள்ள ஒரு வாசகர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்