மழை பார்க்கிற கை

சுங்கை சிப்புட்,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள செல்வி,

தீபாவளி முடிந்ததும் எழுதுகிறேன் என்றவள் இப்போதுதான் பேனாவை எடுக்கிறேன். திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள். அம்மா நலம். அண்ணன் இன்னும் அந்த மோட்டார் சைக்கிளோடுதான் குடும்பம் நடத்துகிறான். ஜொகூரில் உனக்குச் சோறு ஒழுங்காகக் கிடைக்கிறதா?

இந்தத் தவணை எங்களுக்குக் குறும்படத் திரைக்கதை எழுதும் வேலை. 1948இல் இங்கே மூன்று துரைமார்கள் சுடப்பட்டு மலாயாவில் அவசரகாலம் வந்ததே, அதை எழுது என்றாய். அதற்குத் துரை, துப்பாக்கி, ஜீப் எல்லாம் வேண்டும். என்னிடம் இருப்பது ரப்பர்த் தோட்டத்தில் மரம் சீவிய ஒரு பாட்டி. ஏழு நிமிடப் படத்துக்கு 14 பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடமாம். என் கணக்கு லட்சணத்தை நீ மூன்றாம் படிவத்திலேயே பார்த்தவள்தானே.

பக்கத்தைக் குறை என்று மட்டும் சொல்லியிருந்தால் மனம் ஆறியிருக்கும். ‘பாட்டியின் நெஞ்சில் பழைய நினைவுகள் அலைமோதுகின்றன’ என்ற வரிக்குக் கீழே, “கேமராவை எங்கே வைத்து இதைப் பிடிப்பாய்?” என்று ஆசிரியர் சிவப்பு மையில் கேட்டிருந்தார். கண்ணுக்குத் தெரிவதையும் காதில் விழுவதையும் மட்டும்தான் எழுத வேண்டுமாம், அதுவும் நிகழ்காலத்தில். இரண்டு நாள் அவர்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் பாட்டியிடம் படித்துக் காட்டினேன்.

அது இன்னும் மோசம். வெளிச்சம் அழகாக விழுமே என்று, உச்சி வெயிலில் பால்மரம் சீவுவதாக எழுதியிருந்தேன். பாட்டி பொக்கை வாய் தெரியச் சிரித்தார். “அந்த நேரத்தில் சீவினால் மங்குக் கிண்ணத்தில் பால் வராது, கங்காணி வாயில் வசவுதான் வரும்.” விடியுமுன் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் தாராளமாக இறங்கும், வெயில் ஏற ஏறச் சுண்டிவிடும். அறிவியல் பாடத்தில் தூங்கியது இப்படித் திரும்பி வந்து கடிக்கிறது.

பிறகு தாத்தா இறந்த காட்சி. ஒன்றரைப் பக்கம் வசனம். பாட்டி கேட்டுவிட்டு, “இவ்வளவு பேசுவது யார்? அன்று நான் வாயே திறக்கவில்லை. காரியம் முடிந்ததும் விடியலில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்குப் போனேன்” என்று சொல்லி வெற்றிலையை மடித்தார். வசனம் முழுவதையும் அங்கேயே அடித்துவிட்டேன், செல்வி.

அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. நான்கு மணிக்குக் கதவு திறக்கும் சத்தம். எட்டிப் பார்த்தால், பாட்டி இருட்டில் வாசலில் நின்று கையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார். மழையா என்று பார்க்கிறார். மழை என்றால் மரம் சீவ முடியாதே. தோட்டம் முழுக்கச் செம்பனை ஆகிவிட்டது. நம் லயத்து வரிசை வீடுகளை இடித்து, நாங்கள் இந்தத் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்தும் எத்தனையோ வருடம். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், கதவைச் சாத்தினார், படுத்துக்கொண்டார். அம்மாவிடம் சொன்னால், “தினமும் செய்வதுதானே” என்கிறார். நானும் இதே வீட்டில்தான் இருந்திருக்கிறேன்!

இப்போது திரைக்கதை ஆறு பக்கம். முதல் வரி: ‘காட்சி 1. வீட்டு வாசல். விடியுமுன். ஒரு கை இருட்டுக்குள் நீள்கிறது.’

இனி உன் வேலை. உன் மாமாவின் இரண்டு ஏக்கர் பால்மரம் இன்னும் நிற்கிறதா? அதையும் செம்பனையாக்கிவிடுவதற்குள் ஒரே ஒரு விடியற்காலை வேண்டும் என்று கேட்டுச் சொல். ஆட்டுக்குட்டி விஷயத்தை அவர் மறந்திருந்தால் நீயாக நினைவூட்டாதே.

பாட்டியை நடிக்கக் கேட்டேன். நாள் கூலி எவ்வளவு என்கிறார்.

உன்,
வள்ளி