அந்தச் சந்தை எங்கள் சந்தைதான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் புலம்பெயர் எழுத்தாளர்கள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். ஊரை விட்டுப் போன நாளிலேயே இவர்களுடைய ஊர் நின்றுவிட்டது, இன்றைய ஊர் இவர்களுக்குத் தெரியாது என்று கட்டுரையாளர் குறைப்பட்டிருந்தார். நான் இலங்கையின் கிழக்கே அக்கரைப்பற்றில் பிறந்து இன்றும் பக்கத்து ஆலையடிவேம்பில் இருப்பவள். எங்கள் ஊரிலிருந்து போய் லண்டனில் வாழும் விமல் குழந்தைவேலின் நாவல்களை வாசித்தவள் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவருடைய 'கசகறணம்' நாவலில் தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் அருகருகே இருந்து வியாபாரம் செய்யும் அக்கரைப்பற்றுச் சந்தை வருகிறது. அது எனக்குத் தெரிந்த சந்தை. என் பெத்தா, அதாவது பாட்டி, அங்கே கீரையும் கத்தரிக்காயும் விற்றவர். விடியமுன் பெட்டியைத் தலையில் வைத்து நடப்பார், நான் பின்னால் ஓடுவேன். அவருக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் உம்மா பன்பாய் விரித்து வெற்றிலை பாக்கு வைத்திருப்பார். பெத்தா தேத்தண்ணி குடிக்கப் போனால் எங்கள் கீரையையும் அவரே விற்று, காசை முந்தானையில் தனி முடிச்சாக முடிந்து வைப்பார். ஒரு முனையில் அவருடைய காசு, மறுமுனையில் எங்களுடைய காசு. ஒருநாளும் மாறியதில்லை.

1985 ஏப்ரலில் தமிழ்-முஸ்லிம் கலவரத்தில் எங்கள் மாவட்டத்துக் காரைதீவில் வீடுகள் எரிந்த பிறகு பெத்தா அந்தச் சந்தைக்குப் போகவே இல்லை. 1990 அதைவிட மோசம். அந்த உம்மாவின் பெயரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் பெத்தா அழுதுவிடுவார்.

ஊரிலேயே இருந்த நாங்கள் அந்தச் சந்தையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டோம். எங்களுக்கு நடந்ததை நாங்கள் சொல்லுவோம், அவர்களுக்கு நடந்ததை அவர்கள் சொல்லுவார்கள். அதற்கு முந்திய நாட்களை இரண்டு பக்கமும் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. தூரத்தில் இருந்தவர்தான் எழுதி வைத்தார். சரி, பழைய ஊரை எழுதினார்தான். அந்தப் பழைய ஊர் எங்களுக்கு வேண்டியிருக்கிறது.

வட்டாரச் சொற்கள் கூடிப்போய் வாசிக்கக் கஷ்டம் என்றும் கட்டுரையில் இருந்தது. உயர்தரம் படிக்கும் என் பேத்தியிடம் நாவலைக் கொடுத்தேன். நாலு பக்கம் வாசித்துவிட்டு, "அம்மம்மா, இது நீங்க கோயிலடியில கதைக்கிற மாதிரியே இருக்கு" என்றாள். நான் பெத்தா என்று கூப்பிட்டேன், இவள் அம்மம்மா என்கிறாள். இரண்டு தலைமுறைக்குள் அவ்வளவு போய்விட்டது. பிறகு, திரும்பி, முடியாது என்பதற்கு மறுகா, கிறுகி, ஒண்ணா என்று கோயிலடியிலும் பள்ளிவாசலடியிலும் ஒரே மாதிரிக் கதைத்த ஊர் இது. அந்தப் பேச்சைப் பொதுத்தமிழாக மாற்றினால் அங்கே இருப்பது எந்த ஊர்?

அவருடைய இன்னொரு நாவலான 'வெள்ளாவி' பற்றியும் சொல்ல வேண்டும். சலவைத் தொழில் செய்த குடும்பங்களின் வாழ்க்கை அது. அந்த மனிதர்கள் எங்கள் வாசல்வரை வந்து போனவர்கள். தங்கள் வீட்டுக்குள் அவர்கள் என்ன கதைத்தார்கள், எதற்கு அழுதார்கள் என்பதை இந்த வயதில், ஒரு புத்தகத்தில்தான் நான் முதன்முதலில் கேட்டேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சுனாமிக்குப் பிறகு கரையோரம் மாறிவிட்டது, கடைத்தெருவும் மாறிவிட்டது. அதை இங்கே இருக்கிற பிள்ளைகள் எழுதட்டும். லண்டனில் இருப்பவரிடம் ஏன் அதைக் கேட்க வேண்டும்?

ஒரு வேண்டுகோள். என் பிரதியை நான் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். அக்கரைப்பற்றிலும் ஆலையடிவேம்பிலும் உள்ள நூலகங்கள் இந்த நாவல்களில் இரண்டிரண்டு பிரதியாவது வாங்கி வைக்க வேண்டும். அப்புறம், பழைய சந்தையில் யாருக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று ஞாபகம் உள்ளவர்கள், எந்தப் பக்கத்தவராக இருந்தாலும், எழுதி அனுப்பினால் தயவுசெய்து பிரசுரியுங்கள். வெற்றிலை விற்ற அந்த உம்மாவின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இதை வாசித்தால், பத்திரிகை மூலம் எனக்கு அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆலையடிவேம்பு