செல்விக்கு, செல்லூரிலிருந்து

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பட்டாவில் பேர் மாற்றணும் என்று சொல்லிக் கொழுந்தன் மகன் உன்னைக் காரில் கூட்டிப்போயிருக்கிறான். பத்திர ஆபீசில் ரேகை வாங்கி, போட்டோ எடுத்து, வீட்டையே நீ இனாமாகக் கொடுத்த மாதிரி தன் பேருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக்கொண்டிருக்கிறான். நாலு மாதம் கழித்துத்தான் உனக்கே தெரிந்திருக்கிறது. உன் வீட்டுக்கார அண்ணனும் நீயும் சீட்டுப் பணம் சேர்த்துக் கட்டிய வீடல்லவா அது!

கடைசி வரியில் "வெளியே தெரிந்தால் ஊர் சிரிக்கும், விட்டுவிடுகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். விடாதே செல்வி. படித்துக் காட்டாமல் ரேகை வாங்கியவனுக்கு இல்லாத வெட்கம் உனக்கு எதற்கு?

எங்கள் அத்தையும் இப்படித்தான் இருந்தார். 1998-ல் கூடப்பிறந்த தம்பியே வீட்டை எழுதி வாங்கிக்கொண்டார். ஏமாந்தது அடுத்த மாதமே தெரியும். "தம்பியைக் கோர்ட்டுக்கு இழுப்பேனா" என்று நாலு வருஷம் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் போட்ட வழக்கு, காலம் கடந்தது என்று தள்ளுபடியானது. மோசடி தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டாக வேண்டும். அவருடைய மனுவை டைப் அடித்தவள் நான். தேதியை அடிக்கும்போதே கை நடுங்கியது.

உனக்கு நாள் இருக்கிறது. முதலில் பத்திர ஆபீசில் வில்லங்கச் சான்று போட்டுப் பார். வீட்டை அவன் விற்றிருக்கிறானா, அடமானம் வைத்திருக்கிறானா என்று தெரிந்துவிடும். செட்டில்மெண்ட் பத்திரத்துக்கும் நகல் வாங்கு. கடைசிவரை உன்னைப் பராமரிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறதா பார். அப்படி இருந்து அவன் பார்க்காவிட்டால், 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் அறுபது வயதானவர்கள் ஆர்.டி.ஓ.விடமே, அதாவது வருவாய்க் கோட்டாட்சியரிடமே, மனுக் கொடுக்கலாம். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகவே பார்க்க வேண்டும் என்று சொன்னது.

ஆனால் உன்னிடம் அவன் சொன்னதே பொய். அதனால் சிவில் வழக்குதான் நேர்வழி என்று எனக்குப் படுகிறது. பத்திரத்தை ரத்து செய்யவும், அதுவரை வீட்டை விற்காமல் தடை உத்தரவு போடவும் கேட்கலாம். வழக்கு நடக்கும்போது யாராவது வாங்கினாலும் தீர்ப்பு அவர்களையும் கட்டும். போலீசில் மோசடிப் புகாரும் கொடு. அது அவனைத் தண்டிக்க. வீடு திரும்பக் கிடைக்க சிவில் கோர்ட்தான். பத்திர ஆபீசில் ரத்துப் பத்திரம் எழுதினால் முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதே. நீ ஒருத்தியாகப் போய் ரத்து செய்தால் செல்லாது.

வீட்டைவிட்டு மட்டும் வெளியே வராதே. வரி ரசீது, கரண்டு பில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்து. பெரியவர்கள் கூடிப் பேசி முடிப்போம் என்று தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதே. சமாதானம் என்ற பேரில் இன்னொரு பத்திரம் எழுதி வாங்குவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

பணத்துக்குப் பயப்படாதே. பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டக் கோர்ட் வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100-க்கு போன் போட்டும் கேட்கலாம்.

என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பேத்தி ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், உன் முறுக்கைத்தான் கேட்கிறாள். வரும் திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் உசிலம்பட்டியிலிருந்து ஏறு. ஆரப்பாளையத்தில் நிற்கிறேன். பத்திர நகலையும் ஆதார் அட்டையையும் மறக்காமல் எடுத்து வா. கோர்ட்டுக்குச் சேர்ந்தே போவோம்.

உன்
மீனாட்சி