தலைப்பை மாற்றி விற்கப்படும் பேய்ப்படங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறைந்த செலவில் எடுக்கப்பட்ட பேய்ப்படங்களுக்கு, ஏற்கெனவே வெற்றி பெற்ற வேறொரு படத்தின் அடுத்த பாகமோ என்று எண்ண வைக்கும் தலைப்பைச் சூட்டி வெளியிடும் வழக்கம் வருத்தத்திற்குரியது.

இது புதிய தந்திரமன்று. அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவின் 'டான் ஆஃப் தி டெட்' என்ற பேய்ப்படம் இத்தாலியில் 'ஸோம்பி' என்ற பெயரில் வெளியானதை அடுத்து, அதனோடு கதைத் தொடர்பே இல்லாத இத்தாலிய இயக்குநர் லூச்சியோ ஃபுல்சியின் படம் 1979இல் 'ஸோம்பி 2' என்று திரைக்கு வந்தது. அந்தப் படம் பின்னர் தன் தகுதியாலேயே பேசப்பட்டது என்பது வேறு விஷயம். 1990இல் வந்த 'ட்ரோல் 2' இன்னும் வேடிக்கை. 'காப்ளின்ஸ்' என்ற பெயரில் படமாக்கப்பட்ட அதில், ட்ரோல் என்னும் பூதம் ஒரு காட்சியில்கூடத் தலைகாட்டுவதில்லை. 1986இல் வெளியான 'ட்ரோல்' படத்தின் பெயரைக் காட்டிக் காசு பார்க்கவே அந்த எண் ஒட்டப்பட்டது.

விநியோக உரிமை பெற்றவர் தலைப்பை மாற்றுவது ஒப்பந்தப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால், ஒரே படம் பல பெயர்களில் உலவும்போது, முன்பே பார்த்த படத்துக்கே பார்வையாளர் மீண்டும் பணம் கட்ட நேர்கிறது. சிறு முதலீட்டில் உழைத்த இயக்குநரோ, தாம் கொடுக்காத வாக்குறுதிக்காகத் திட்டு வாங்குகிறார்.

சுவரொட்டிகளிலும் இணையத் திரைத் தளங்களின் படக்குறிப்புகளிலும், மூலத் தலைப்பையும் முதலில் வெளியான ஆண்டையும் புதிய தலைப்பின் அருகிலேயே கண்ணுக்குத் தெரியும் அளவில் குறிப்பிடுவதைத் தணிக்கை அமைப்புகள் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
திரைப்பட ரசிகர் ஒருவர்