அறை மாறுவதற்கு முன்னால்

அன்புள்ள செல்வா,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டோக்கியோவில் கோஎன்ஜி அறையைக் காலி செய்துவிட்டு, அதே ஊரில் நிஷி-கசாயில் நம்மூர்ப் பையன்களோடு போய்ச் சேர்ந்துகொள்கிறேன் என்கிறாய். வாடகை குறையும், ஆள் மாற்றி ஆள் சமைத்துக்கொள்ளலாம், பக்கத்திலேயே இந்திய மளிகைக் கடை, தோசாய் லைன் ரயிலில் ஏறினால் நேராகத் தகதனோபாபாவில் பள்ளிக்கூடம். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், பிள்ளை இனிமேல் ஒழுங்காகச் சாப்பிடுவான் என்று. எனக்குச் சந்தோஷமாக இல்லை. போகாதே, போனால் உனக்கு ஜப்பானிய மொழி வராது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ அடுக்கிய காரணங்கள் எல்லாம் ஒப்புக்குத்தான். நிஜக் காரணம் வீட்டுக்காரப் பாட்டி. நாள் மாற்றி நீ வைத்த குப்பையை வண்டிக்காரர்கள் எடுக்காமல், மேலே சீட்டு ஒட்டி விட்டுப் போனார்கள். பாட்டி அதைத் தூக்கிக்கொண்டு வந்து உன் வாசலில் வைத்துவிட்டு, அரை மணி நேரம் நிற்க வைத்துத் திட்டினார்கள். பாட்டில் மூடியைத் தனியாகக் கழற்ற வேண்டும், மேலே சுற்றியிருக்கும் தாளை உரிக்க வேண்டும், உள்ளே அலச வேண்டும், எரிகிற குப்பையோடு சேர்க்கக் கூடாது, காலண்டர் கொடுத்தேனே அதைப் பார்க்கவே இல்லையா... அன்று ராத்திரி வரி விடாமல் என்னிடம் ஒப்பித்தாய். சரி, ஒன்று கேட்கிறேன். புரியாமலா அத்தனையையும் ஒப்பித்தாய்? போன வருஷம் இதே பாட்டி பேசினால் கையைப் பார்த்துத்தான் அர்த்தம் பண்ணிக்கொள்வேன் என்று சொன்னவன் நீ.

போன புதிதில் கடையில் வாயைத் திறந்தாலே "நிஹோங்கோ ஜோஸு", ஜப்பானிய மொழி நன்றாகப் பேசுகிறாய் என்று பாராட்டுகிறார்கள் என்று பூரித்துப் போனாய். அப்புறம் நீயே கண்டுபிடித்தாய், வெளிநாட்டுக்காரன் யார் இரண்டு வார்த்தை பேசினாலும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று. பாராட்டு விருந்தாளிக்கு. விருந்தாளியிடம் மெதுவாகப் பேசுவார்கள், சுலபமாகப் பேசுவார்கள், முடிந்தால் ஆங்கிலத்துக்கே மாறிவிடுவார்கள். அதில் எங்கிருந்து மொழி வரும்? திட்டுகிற பாட்டி உன்னை விருந்தாளிக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். டோக்கியோ முழுக்கத் தேடினாலும் உன்னிடம் அந்த வேகத்தில் பேச இன்னொரு ஆள் கிடைப்பது கஷ்டம்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பாய். நாக்பூரில் தெரிந்துகொண்டேன். கல்யாணமான புதிதில் அப்பாவுக்கு அங்கே ரயில்வேயில் வேலை, அஜ்னி காலனியில் குவார்ட்டர்ஸ். அப்பாவோடு வேலை பார்த்த நம் ஆட்கள் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகச் சீட்டாடி, ரிட்டயர் ஆகும்வரை "கித்னா" (எவ்வளவு), "பஸ்" (போதும்) என்று இரண்டு இந்தி வார்த்தையிலேயே காலம் தள்ளினார்கள். ஊர் மாறினால் மொழி தானாக வந்துவிடும் என்பது பொய். நானும் கொஞ்ச நாள் குழாயடியில் உடைந்த இந்தியில்தான் சமாளித்தேன். அங்கே இருந்த பெண்கள் எனக்காக இந்தியில் பேசிவிட்டு, தங்களுக்குள் மராத்தியில் பேசிக்கொள்வார்கள். நல்ல பேச்செல்லாம் அந்தப் பக்கம்தான் நடக்கும்.

சங்கராந்தி வந்தது. அந்தச் சமயத்தில் அங்கே வீட்டுக்கு வீடு ஹல்தி-குங்கு வைப்பார்கள். மஞ்சள் குங்குமம், எள்ளு வெல்லம், கையில் ஒரு சின்னச் சாமான், நம் நவராத்திரி வெற்றிலைப்பாக்கு மாதிரி. பக்கத்து வீட்டுக் காக்கூ, அதாவது மராத்தியில் சித்தி, என்னையும் கூப்பிட்டார். அங்கே ஒரு வழக்கம் உண்டு, உகாணா என்று பெயர். கல்யாணமான பெண் எதுகை மோனையோடு இரண்டு வரி சொல்ல வேண்டும், அதற்குள் புருஷன் பெயரைக் கோத்துவிட வேண்டும். சொல்லாவிட்டால் விடமாட்டார்கள். என் அம்மா ஆயுசுக்கும் தாத்தா பெயரை வாயால் சொன்னவள் இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னைச் சொல்லச் சொல்வாள். அந்த வீட்டில் வளர்ந்தவள் நான்.

காக்கூ முதல் நாள் மத்தியானமே இரண்டு வரி கற்றுக்கொடுத்தார். தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, சமைத்துக்கொண்டே உருப்போட்டேன். 'ள'வும் 'ண'வும் எனக்குச் சுலபமாக வந்தன. 'ப'தான் தகராறு, அவர்களுக்கு அதில் நாலு வகை. மறுநாள் என் முறை வந்தது. முதல் வரி சொல்லிவிட்டேன். இரண்டாவது வரியில் அப்பா பெயர் வரும் இடத்தில் நாக்கு நகரவில்லை. எல்லோரும் என் வாயையே பார்க்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு சொல்லித் தீர்த்தேன். ஒரே கூச்சல், சிரிப்பு. மறுநாள் குழாயடியில் யாரும் என்னிடம் இந்தி பேசவில்லை. குடம் இடித்ததற்குச் சண்டை போட்டதுகூட மராத்தியில்தான். அதற்கப்புறம் நான் மராத்தி கற்றுக்கொண்டேன் என்பதைவிட, கற்றுக்கொள்ளாமல் இருக்க விடவில்லை என்பதுதான் சரி.

இப்போது உன் கதைக்கு வா. தமிழ் பேசுகிறவனுக்கு ஜப்பானியத்தில் பாதிக் கஷ்டம் இல்லை என்று நீயே சொன்னாய். வினை கடைசியில் வருகிறது, நம் வேற்றுமை உருபு மாதிரி சொல்லுக்குப் பின்னால் ஒட்டு வருகிறது. ஓனோ சுசுமு என்ற அறிஞர் இரண்டு மொழிக்கும் உறவு இருக்கிறது என்றே எழுதினார். மொழியியல்காரர்கள் பெரும்பாலோர் ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் பாட்டியிடம் போய் அந்தப் பெருமையை அடிக்காதே. அந்த அதிர்ஷ்டம் வாக்கியத்தோடு சரி. பொதுப் பயன்பாட்டுக்கு என்று அரசாங்கம் வைத்திருக்கும் 2,136 கான்ஜி எழுத்துகளையும், அந்தச் சீன வழி எழுத்துகளை, உட்கார்ந்துதான் எழுதிப் பழக வேண்டும். பாட்டி எவ்வளவு திட்டினாலும் கான்ஜி வராது.

டிசம்பரில் வரும் ஜப்பானிய மொழிப் பரீட்சையை நினைத்துக் கவலைப்படுகிறாய். எழுது, பாஸ் பண்ணு. ஆனால் அதில் பேசச் சொல்வதும் இல்லை, ஒரு வரி எழுதச் சொல்வதும் இல்லை, எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். நிஷி-கசாயில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தே அந்தப் பரீட்சையின் N3 நிலையை வாங்கிவிடலாம். வாங்கிவிட்டு எதிரே ஒருவர் பேசினால் முழிக்கலாம்.

அவர்கள் பேசும்போது நடுநடுவே "ஹாய்" (ஆமாம்), "ஸோ தெஸ் நே" (அப்படித்தானே) என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கவனிக்கவில்லை என்று நினைக்கிறார்கள் என்றாயே, உம் கொட்டாவிட்டால் நம் வீட்டில் உன் சொந்தப் பாட்டி பாதிக் கதையில் தூங்கப் போய்விடுவாளே, அதேதான். எந்த இடத்தில் உம் கொட்ட வேண்டும் என்று எந்தப் புத்தகத்தில் படிப்பாய்?

வேலை விஷயம். வாரத்துக்கு 28 மணி நேரம்தான் அனுமதி. அதை இந்திய ஹோட்டலின் பின்கட்டில் நேபாளி அண்ணன்களோடு இந்தி பேசிக்கொண்டு பாத்திரம் கழுவிச் செலவழிக்கிறாய். காசு அதேதான் வரும் என்றால், கன்பினி என்கிற அந்தச் சில்லறைக் கடையின் கல்லாவில் நில். சாப்பாட்டைச் சூடு பண்ணட்டுமா என்று நாளெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டாலும், பதில் ஒவ்வொருத்தர் வாயிலிருந்தும் ஒவ்வொரு மாதிரி வரும்.

காலை 6.30-க்கு வானொலியில் பாட்டுப் போட்டுப் பூங்காவில் கிழவர்கள் உடற்பயிற்சி செய்கிறார்கள், பாட்டி கூப்பிட்டார்கள், தூக்கம்தான் முக்கியம் என்று சொல்லிவிட்டேன் என்றாய். போ. வேறு வேலை இல்லாத பெரியவர்கள் பேசுகிற அளவுக்கு யார் உன்னிடம் பேசப்போகிறார்கள்? ஆகஸ்ட் கடைசியில் உங்கள் தெருவிலேயே நடக்கும் அவா ஒதோரிக்கும் ஆள் சேர்க்கிறார்களாமே. தொகுஷிமா ஆட்டம், 1957-லிருந்து கோஎன்ஜியிலும் நடக்கிறது. ஆட்டம் வராது என்று வெட்கப்படாதே. ஒத்திகை முடிந்து உட்கார்ந்து சாப்பிடும்போது நடக்கிற பேச்சுக்காகப் போ.

சாம்பார் ஆசை வந்தால் ஞாயிற்றுக்கிழமை நிஷி-கசாய் போ, பையன்களோடு வயிறு முட்டச் சாப்பிடு, பொழுது சாய்ந்ததும் திரும்பிவிடு. அப்புறம், தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் என்னோடு பேசுகிறாயே, அதையும் குறைத்துக்கொள். இங்கே பத்து மணி என்றால் அங்கே ஒன்றரை. புதன், ஞாயிறு போதும். இதை எழுத எனக்கு ஆசை என்று நினைத்துக்கொள்ளாதே.

அரைக் கிலோ சாம்பார் பொடி அனுப்புகிறேன், அதற்கு மேல் கிடையாது. கூடவே ஒரு கைத்தறித் துண்டு, பாட்டிக்கு. கொடுக்கும்போது குப்பைக்கு மன்னிப்பும் கேட்டுவிடு, அவர்கள் கேட்கிற முறைப்படி. பையன்களிடம் முன்பணம் கொடுத்திருந்தால் இந்த வாரமே பேசித் திரும்ப வாங்கிக்கொள்.

அன்புடன்,
அம்மா

பின்குறிப்பு: ரயில் ஒரு நிமிஷம் தாமதமானாலும் மன்னிப்புக் கேட்கிறார்களாமே, நிஜமா என்று அப்பா கேட்கிறார். ஸ்டேஷனில் என்ன வார்த்தை சொல்கிறார்கள் என்று கேட்டு வைத்து, புதன்கிழமை சொல்லிக்காட்டு.