பாசிக்குடாவில் கதிரை தூக்கிய தம்பிக்கு நன்றி

கடலில் கால் நனைக்க வேண்டும் என்ற அம்மம்மாவின் நெடுநாள் ஆசைக்காக, கடந்த ஞாயிறு மாலை மட்டக்களப்பிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பாசிக்குடாவுக்குக் குடும்பமாகச் சென்றிருந்தோம். வாடைக்காற்று ஓய்ந்து கடல் குளம்போல் அடங்கிக் கிடக்கும் இக்காலத்தில், அங்கு வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவைத் தாண்டாது. ஆயினும் ஊன்றுகோல் மணலில் புதைந்ததால் அவரால் ஓரடியும் நகர முடியவில்லை. அதைக் கண்ட கச்சான் விற்கும் தம்பி, கூடையை இறக்கி வைத்துவிட்டு, அம்மம்மாவைப் பிளாஸ்டிக் கதிரையில் அமர்த்தி, என்னுடன் சேர்ந்து முழங்காலளவு நீர்வரை தூக்கி வந்தார்.

சின்ன மீன்கள் பாதத்தை உரசியபோது, "கூசுதுடா" என்று அம்மம்மா சிறுபிள்ளைபோல் சிரித்தார்.

தம்பி, பெயரைக் கேட்பதற்குள் கூட்டத்தில் மறைந்துவிட்டீர்கள். கச்சான் வாங்கவும் மறந்துவிட்டோம். அம்மம்மா நாள்தோறும் தங்களை வாழ்த்துகிறார். எங்கள் குடும்பத்தாரின் மனமார்ந்த நன்றி.