போன் எங்களுடையது, லாக்கும் எங்களிடமே இருக்கட்டும்: குமரி மாவட்ட மொபைல் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கடை உரிமையாளர்களுக்கும், சர்வீஸ் மேசையில் வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல் என்று எந்த ஜங்ஷனில் இறங்கினாலும் உங்கள் கடை ஒன்றாவது கண்ணில் படும். சிம் வாங்க, டெம்பர் கிளாஸ் ஒட்ட, உடைந்த டிஸ்ப்ளே மாற்ற எல்லாவற்றுக்கும் உங்களிடம்தான் வருகிறோம். போன் கம்பெனிக்காரர்கள் எங்கள் ஊர் அம்மாமாரிடம் வந்து பேசுவதில்லை. நீங்கள்தான் பேசுகிறீர்கள். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் ரிப்பேர் விஷயம். போனைக் கொடுத்ததும் வரும் முதல் கேள்வி, "லாக் என்ன?" சொன்னதும் அதை ஒரு துண்டு டேப்பில் எழுதி போனின் பின்பக்கம் ஒட்டிவிடுகிறார்கள். பேட்டர்ன் லாக் என்றால் ஒன்பது புள்ளி வைத்துக் கோடும் போட்டு விடுகிறார்கள். சாயங்காலம் வரை அந்தப் போன் மேசையில் கிடக்கிறது. அதற்குள் வங்கி ஆப் இருக்கிறது, பிள்ளைகளின் படங்கள் இருக்கின்றன, வெளிநாட்டில் இருக்கும் கணவனோடு பேசிய பேச்செல்லாம் இருக்கிறது. இதற்குப் பயந்தே உடைந்த போனை மாதக்கணக்கில் அலமாரியில் வைத்திருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். உங்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மேசையைத் தாண்டிப் போகிற வருகிற எல்லோரையும் நாங்கள் எப்படி நம்புவது?

டிஸ்ப்ளே மாற்ற லாக் எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். டச் வேலை செய்கிறதா என்று பார்க்க லாக் திரையில் இருக்கும் அவசர அழைப்புப் பொத்தானைத் தொட்டு எண்களை அழுத்திப் பார்த்தாலே போதும். பெரும்பாலான போன்களில் லாக்கைத் திறக்காமலே கேமராவைத் திறக்கலாம், பழைய படங்கள் எதுவும் தெரியாது. சார்ஜ் ஏறுகிறதா என்பதும் வெளியிலேயே தெரிந்துவிடும். போனுக்கு உள்ளே போய்ப் பார்த்தே ஆகவேண்டிய கோளாறு என்றால் அதற்கும் வழி வந்துவிட்டது. சாம்சங் 2022-இல் 'மெயின்டனன்ஸ் மோடு' கொண்டுவந்தது. கூகுளின் பிக்சல் போன்களில் 2023 டிசம்பரில் 'ரிப்பேர் மோடு' வந்தது. அதைப் போட்டால் போன் ஒருமுறை அணைந்து எழும்பும். படம், மெசேஜ், ஆப் விவரம் எதுவும் கண்ணில் படாது, உங்கள் சோதனை மட்டும் நடக்கும். அதிலிருந்து வெளியே வர உரிமையாளரின் லாக் வேண்டும். இந்த வசதி இருப்பதே வாடிக்கையாளர் பலருக்குத் தெரியாது. நீங்களே முந்திக்கொண்டு "இதைப் போட்டுக் கொடுங்க அக்கா" என்று சொன்னால் எவ்வளவு நிம்மதியாக இருக்கும்! திரை முழுக்கப் போய்விட்ட போனில் இது முடியாது, சரி. அப்போது வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள், லாக்கை அவரே போடட்டும்.

அடுத்தது, புதுப் போனை 'செட் பண்ணித்' தருவது. என் மாமியாரின் போனுக்கு ஒரு கடையில் புதிதாக ஒரு ஜிமெயில் கணக்கு தொடங்கினார்கள். பாஸ்வேர்டு என்ன என்று அவரிடம் சொல்லவில்லை. பாஸ்வேர்டு மறந்தால் கணக்கைத் திறக்க உதவும் மீட்பு எண்ணாகக் கடைக்காரர் தன் எண்ணையே கொடுத்திருந்தார். பிறகு போன் மக்கர் செய்து ரீசெட் போட்டபோது அது பழைய கணக்கைக் கேட்டது. திருடியவன் போனை அழித்துப் பயன்படுத்த முடியாதபடி 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1-உடன் வந்த பாதுகாப்பு அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது அன்று உரிமையாளரையே வெளியில் நிறுத்தியது. கணக்கில் இருந்த பேரப்பிள்ளைகளின் படங்கள் இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை.

"வயசானவங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று சொல்லாதீர்கள். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலாவதாக நின்ற மாவட்டம் இது. ஒரு தாளும் பேனாவும் கொடுத்தால் அவர்களே எழுதிக்கொள்வார்கள். லாக் எண்ணை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். பிறந்த வருடம் வேண்டாம், 1234 வேண்டவே வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

கடலோரக் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் திரும்பிவர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அவர்கள் போனுக்கு சிக்னல் கிடையாது. மனைவியின் கணக்குக்குக் கணவரின் எண்ணை மீட்பு எண்ணாகக் கொடுத்தால், கணக்கைத் திறக்க வரவேண்டிய குறியீடு யாருக்கும் கிடைக்காது. கரையில் இருக்கும் ஒருவரின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கூகுள் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பு போட்டுவிட்டால் போனுக்குக் குறியீடு வராதபோதும் கணக்கைத் திறக்க உதவும் பத்து பேக்கப் குறியீடுகள் எடுத்துக்கொள்ளலாம். அவற்றை அச்சடித்துக் கையில் கொடுங்கள். ரேஷன் கார்டோடு பத்திரமாக இருக்கும்.

சிம்முக்கும் தனியாக ஒரு பின் லாக் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. போன் திருடு போனால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டாலே ஓடிபி எல்லாம் அங்கே வந்துவிடும், போனின் லாக் இதைத் தடுக்காது. மூன்று முறை தவறாகப் போட்டால் சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறக்கும் பக் (PUK) எண்ணைக் கேட்கும் என்பதால் வீட்டில் தனியாகச் செய்து பார்க்கப் பயப்படுகிறார்கள். சிம் விற்கும் நீங்களே கூட இருந்து போட்டுத்தரலாம். லாக் திரையில் மெசேஜின் உள்ளடக்கம் தெரியாதபடி மறைப்பதும் ஒரு நிமிட வேலைதான். வாட்ஸ்அப்பின் இரட்டைச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்கப் பின் (PIN) போடுவதும் அப்படித்தான்.

இன்னொன்று. ஏதாவது ஆப் ஏற்ற 'தெரியாத ஆப்களை நிறுவ' அனுமதி கொடுத்தால், வேலை முடிந்ததும் அதை மறக்காமல் அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்புக்கு அந்த அனுமதி திறந்தே கிடந்தால், கல்யாணப் பத்திரிகை என்றும் டிராபிக் அபராதம் என்றும் வருகிற ஏபிகே ஃபைல் (ஆப்பை நிறுவும் ஃபைல்) நேராக உள்ளே நுழையப் பார்க்கும்.

பிள்ளைகளுக்கு வாங்கும் டேப்லெட்டை யாரும் கண்டுகொள்வதில்லை. சிம் இல்லையே, லாக் எதற்கு என்கிறார்கள். அம்மாவின் கூகுள் கணக்கை அதில் போட்டால் அம்மாவின் மெயிலும் படங்களும் அங்கேயும் திறக்கும். பிள்ளைக்குத் தனிக் கணக்கு போட்டுக்கொடுங்கள்.

பழைய போன் வாங்கும்போது கணக்கை நீக்கிவிட்டார்களா என்று கேளுங்கள். *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணை (போனின் அடையாள எண்), கேஒய்எம் என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பிச் சரிபாருங்கள். அது உங்களுக்கும் பாதுகாப்பு.

கிறிஸ்துமஸ் நெருங்கினால் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களும் புதுப்போன் வாங்குகிறவர்களுமாக உங்கள் கடைகள் நிரம்பிவிடும். அதற்குமுன் ஒன்றே ஒன்று செய்யுங்கள். சர்வீஸ் பில்லில் 'லாக் நம்பர்' என்று ஒரு கட்டம் அச்சடித்திருந்தால், அடுத்த பில் புத்தகத்தில் அதை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருத்தி,
கருங்கல்.